வெப்பம் தாங்கும் நொதி வேண்டும்: ஊற்றிலிருந்து எடுப்பதா, நாமே திருத்துவதா?

உங்கள் கையில் ஒரு நொதி இருக்கிறது. 37 டிகிரியில் சொன்ன வேலையைச் செய்கிறது. 60 டிகிரியைத் தொட்டதும் சில நிமிடங்களில் குலைந்து, குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. ஆனால் உங்கள் வினை 70 டிகிரியில் நடந்தாக வேண்டும். வினைப்பொருள் அதற்குக் கீழே கரையாமல் இருக்கலாம், இளகாமல் இருக்கலாம், அல்லது குளிர்ந்த தொட்டியில் வேறு கிருமிகள் புகுந்துவிடும் என்ற அச்சம் இருக்கலாம். என்ன செய்வது? (இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.)

இன்றைக்கு நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. அதே வேலையைச் செய்யும் நொதியை வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இருக்கிற நொதியின் கட்டமைப்பைப் பார்த்து, பலவீனமான இடத்தை நாமே திருத்தலாம். ஆயிரக்கணக்கான மாற்றுருவங்களை உண்டாக்கிச் சூட்டில் சலித்து எடுக்கலாம். அல்லது கணினியிடம் வரிசையைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லலாம். ஆய்வுக்கூடங்களில் இந்தத் தேர்வு பெரும்பாலும் பழக்கத்தால் நடக்கிறது: கணினி தெரிந்தவர் கணினியில் தொடங்குகிறார், சலிக்கும் கருவி வைத்திருப்பவர் சலிக்கத் தொடங்குகிறார். என் கட்சி வேறு. உங்கள் புரதம் சூட்டில் எப்படிச் சாகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். எந்த வழி என்பதை அதுதான் சொல்லும். இதை வெறும் கொள்கையாகச் சொல்லவில்லை. வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்களின் புரதங்கள் கற்றுத்தருவதே இதுதான்.

கழித்தல் கணக்கின் மீதி

கொதிநீரில் வாழும் உயிர்களின் புரதங்கள் ஏதோ வேறு பொருளால் ஆனவை என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. நம் உடலில் உள்ள அதே 20 அமினோ அமிலங்கள்தான், மடிப்புகளும் பெரும்பாலும் அதே மடிப்புகள்தான். வெந்நீர் ஊற்று பாக்டீரியாவான தெர்மஸ் அக்வாட்டிகஸின் டிஎன்ஏ பாலிமரேஸையும் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி), குடலில் வாழும் ஈ. கோலையின் டிஎன்ஏ பாலிமரேஸ் ஒன்றையும் எடுத்துப் பாலிமரேஸ் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்று அழைக்கப்படும் பகுதிகள் பொருந்தி அமர்கின்றன. ஒன்று 95 டிகிரியைத் தாங்குகிறது, மற்றது அதில் ஒரு சுற்றுக்கூட நிற்காது.

இவ்வளவு பெரிய வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஒரு புரதம் மடிந்து நிற்பதற்கு உள்ளே நூற்றுக்கணக்கான பிணைப்புகளும் ஈர்ப்புகளும் உதவுகின்றன. அதை அவிழ்த்துவிடப் பார்ப்பது சங்கிலியின் சுதந்திரம்: ஒரே வடிவத்தில் அடங்கிக் கிடப்பதைவிட ஆயிரம் வடிவங்களில் அலைவதையே வெப்பம் விரும்புகிறது. இரண்டும் மிகப் பெரிய எண்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது சாதாரணமாக ஒரு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான், அதாவது ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவு. புரதம் நிற்பதும் விழுவதும் அந்தச் சிறு மீதியால் முடிவாகிறது. ஆகவே கொதிநீரில் நிற்க மலையளவு கூடுதல் வலிமை தேவையில்லை. இங்கே ஓர் உப்புப் பாலம், அங்கே ஒரு நெருக்கமான பொதிவு என்று சில கிலோகலோரி சேர்ந்தாலே போதும்.

இதைக் கண்ணருகே காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸிடமும், வெப்பம் விரும்பும் பேசில்லஸ் கால்டோலிட்டிகஸிடமும் குளிர் அதிர்ச்சிப் புரதம் என்ற சின்னஞ்சிறு புரதம் இருக்கிறது. நீளம் 66, 67 அமினோ அமிலங்கள்தான். இரண்டுக்கும் இடையே 12 இடங்களில் மட்டுமே வேறுபாடு. முதலாவது 54 டிகிரியை ஒட்டி அவிழ்கிறது, இரண்டாவது 77 டிகிரியை ஒட்டி. அந்த 23 டிகிரிக்கு 12 மாற்றங்களும் பங்களிக்கின்றனவா என்று 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் குழு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது. வேறுபாட்டின் பெரும்பகுதியை இரண்டே இடங்கள் சுமக்கின்றன என்று தெரியவந்தது: சங்கிலியின் தொடக்கத்தில் 3ஆவது இடம், முடிவில் 66ஆவது இடம். மண் பாக்டீரியாவில் இரண்டிலும் எதிர்மின் கொண்ட குளுட்டாமிக் அமிலம். மடிந்த நிலையில் சங்கிலியின் இரு முனைகளும் பக்கத்தில் வந்து அமர்வதால், சுற்றியுள்ள எதிர்மின்களோடு சேர்ந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன. வெப்ப பாக்டீரியாவில் 3ஆவது இடத்தில் நேர்மின் கொண்ட ஆர்ஜினின், 66இல் மின்சுமையே இல்லாத லியூசின். தள்ளுமுள்ளு நின்றுபோனது, அவ்வளவுதான். இரண்டு இடங்களும் புரதத்தின் உள்மையத்தில் இல்லை, வெளிப்பரப்பில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். உறுதி என்றால் உள்ளே இறுக்கமான பொதிவு என்று மட்டும் எண்ணியிருந்தவர்களை நிமிர வைத்த முடிவு இது.

உப்புப் பாலங்கள், அதாவது எதிரெதிர் மின்சுமை கொண்ட பக்கக் கிளைகளின் ஈர்ப்புகள், வெப்பத் தாங்கலுக்குக் காரணமாக இருக்கலாம் என்று மாக்ஸ் பெருட்ஸ் 1975இலேயே எழுதினார். பாக்டீரியாக்களின் ஃபெரிடாக்சின் புரதங்களை ஒப்பிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவு அது. பின்னால் வந்த கட்டமைப்புகள் அதற்கு வலுச் சேர்த்தன. கொதிநீரில் வாழும் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸின் குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸில் உப்புப் பாலங்கள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு கிளை இரண்டு மூன்று கிளைகளோடு கைகோத்து, ஆறு துணை அலகுகளும் சேரும் எல்லைகளில் வலைப்பின்னலாக ஓடுகிறது. இதற்கு இயற்பியலும் துணைநிற்கிறது. சாதாரணச் சூட்டில் ஓர் உப்புப் பாலம் அமைய, இரு மின்சுமைகளும் தங்களைச் சுற்றியிருக்கும் தண்ணீரை உதறவேண்டும். அதற்குப் பெரும் விலை உண்டு. தண்ணீரின் மின்காப்பு மாறிலி (மின்சுமைகளின் ஈர்ப்பைத் தண்ணீர் எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதன் அளவு) 20 டிகிரியில் சுமார் 80, 100 டிகிரியில் சுமார் 55. சூடு ஏற ஏறத் தண்ணீரை விட்டு வருவதற்கான விலை குறைகிறது. 25 டிகிரியில் பெரிதாக உதவாத உப்புப் பாலம், 90 டிகிரியில் நன்றாகவே உதவலாம்.

மற்ற உத்திகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தளர்ந்து தொங்கும் வளையங்களைக் குட்டையாக்குவது, வளையத்தின் வளைவில் விறைப்பான புரோலினை வைப்பது, சூட்டில் சிதைகிற அஸ்பராஜினைக் குறைத்துக்கொள்வது, கால்சியம் போன்ற அயனியை முளையடிப்பதுபோல் பொருத்திக்கொள்வது, பல அலகுகள் கட்டிப்பிடித்து நிற்பது. எந்தப் புரதமும் இவை எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. எந்த உத்தியும் எல்லாப் புரதங்களிலும் காணப்படுவதில்லை. வெப்பப் புரதங்களுக்கு ஒரே சூத்திரம் தேடி முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் கண்டது இதைத்தான். தேர்வு செய்யவேண்டியவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

ஊற்றிலிருந்து எடுப்பது

முதல் வழியின் பெருமை தெர்மஸ் அக்வாட்டிகஸின் டிஎன்ஏ பாலிமரேஸால், சுருக்கமாக டாக் பாலிமரேஸால், வந்தது. 1960களில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் தேடியபோது கிடைத்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ். 1969இல் அதை விவரித்து எழுதினார்கள். 1976இல் அதன் பாலிமரேஸைப் பிரித்தெடுத்தவர்களுக்கு அது எதற்குப் பயன்படப்போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. 1983இல் கேரி முல்லிஸ், டிஎன்ஏவைச் சூடாக்கியும் ஆற்றியும் சுற்றுச்சுற்றாகப் பலமடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையைச் சிந்தித்தார். தொடக்கத்தில் ஈ. கோலையின் பாலிமரேஸ் துண்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கச் சூடாக்கும்போது நொதி செத்துவிடும். மூடியைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும், மறுபடி சூடு, மறுபடி ஊற்று. 1988இல் டாக் பாலிமரேஸ் வந்ததும் மூடியை ஒரு தடவை மூடினால் போதும் என்றாயிற்று. 95 டிகிரியில் அதன் அரை ஆயுள், அதாவது செயல்திறன் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 40 நிமிடங்கள். முப்பது சுற்றுகளில் அந்தச் சூட்டில் கழியும் மொத்த நேரத்துக்கு அது தாராளம்.

இந்த வழிக்கு இன்னொரு வரமும் உண்டு, அதைப் பிரித்தெடுக்கும் மேசையில்தான் உணரமுடியும். வெப்ப பாக்டீரியாவின் மரபணுவை ஈ. கோலைக்குள் வைத்து வளர்த்து, செல்களை உடைத்தால் மங்கலான மஞ்சள் சாறு கிடைக்கும். அதில் உங்கள் நொதியோடு ஈ. கோலையின் ஆயிரக்கணக்கான புரதங்களும் கலந்திருக்கும். அந்தக் குழாயை 75 டிகிரி நீரில் இருபது நிமிடம் வையுங்கள். முதல் சில நிமிடங்களிலேயே சாறு பாலாகத் திரண்டு, பிறகு தயிர்போல் கட்டிகட்டியாகிவிடும். ஈ. கோலையின் புரதங்கள் எல்லாம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் அடியில் வெள்ளைக் கட்டி, மேலே தெளிந்த நீர். அந்தத் தெளிந்த நீரில் இருப்பது பெரும்பாலும் உங்கள் நொதிதான். நிறைய உழைத்துக் கிடைக்கவேண்டிய தூய்மையின் பெரும்பகுதியை ஒரு வெந்நீர்த் தொட்டி தந்துவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தத் தெளிந்த நீரை ஊசியால் உறிஞ்சி எடுக்கும் நொடி எனக்கு மகிழ்ச்சிதான்.

சரி, குறைகள். ஊற்றில் வாழும் உயிருக்குத் தேவைப்படாத வேலையை அதன் நொதி செய்யாது. உங்கள் வினைப்பொருள் இயற்கையில் இல்லாத ஒன்றென்றால், வெந்நீரில் உறவினர் கிடைப்பது அரிது. அடுத்தது, 80 டிகிரியில் வாழும் உயிரின் நொதி 30 டிகிரியில் பெரும்பாலும் மந்தமாக இருக்கும்; உயர் சூட்டில் வேண்டிய அளவு நெகிழ்வதற்கென அமைந்த சங்கிலி, குளிரில் விறைத்துப்போகிறது. சில நொதிகள் ஈ. கோலைக்குள் 37 டிகிரியில் உருவாகும்போது சரியாகச் சேராமல், பிறகு ஒரு தடவை சூடாக்கினால்தான் உயிர்பெறுகின்றன. சோதனையில் வேலை செய்யவில்லை என்று தூக்கி எறியும் முன் ஒருமுறை சூடாக்கிப் பாருங்கள்.

அதிகம் தாங்குவதே சிறந்தது என்ற நினைப்பு இந்த வழியில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பாலிமரேஸ்களையே பாருங்கள். பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் இத்தாலியின் வல்கானோ தீவில் கண்டெடுக்கப்பட்டு 1986இல் விவரிக்கப்பட்ட, 100 டிகிரியில் செழிக்கும் உயிர் (இது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா). அதன் பாலிமரேஸ் டாக்கைவிட நெடுநேரம் தாங்கும், தவறாகச் சேர்த்த எழுத்தைத் திரும்பிப்போய் வெட்டியெடுக்கவும் செய்யும். டாக்கிலோ அந்தத் திருத்தும் பகுதியின் வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வேலை செய்வதில்லை. அப்படியானால் எல்லாரும் பைரோகாக்கஸுக்கு மாறிவிட வேண்டியதுதானே? வேகம் வேண்டுகிறவருக்கு டாக் இன்னும் நல்லது. 60 முதல் 65 டிகிரியிலேயே ஒரே சூட்டில் டிஎன்ஏவை நகலெடுக்கும் லாம்ப் முறைக்கு, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸின் பாலிமரேஸ்தான் பொருத்தம். அது எதிரில் வரும் இழையைத் தள்ளிக்கொண்டே முன்னேறும். இழைகளைப் பிரிக்கத் தனியாகச் சூடு தேவையில்லை. 80 டிகிரியில் அது செத்துவிடும் என்பதும் அங்கே வசதிதான்: வேலை முடிந்ததும் அந்தச் சூட்டில் இருபது நிமிடம் வைத்தால் நொதி அடங்கிவிடும். மூன்றில் குறைவாகத் தாங்குவது அதுதான், ஆனால் அந்த வேலைக்குச் சரியானதும் அதுதான்.

பலவீனமான இடத்தை நாமே திருத்துவது

இரண்டாவது வழிக்கு அடித்தளம் போட்டது டி4 வைரஸின் லைசோசைம் மேல் பிரையன் மாத்யூஸின் ஆய்வுக்கூடம் செய்த நீண்ட உழைப்பு. 1987இல் அவர்கள் ஒரு கிளைசினை அலனினாகவும், ஓர் அலனினைப் புரோலினாகவும் மாற்றினார்கள். நோக்கம் எளிது: அவிழ்ந்த சங்கிலியின் சுதந்திரத்தைக் குறைத்தால், அவிழ்வதில் லாபம் குறையும். ஆதாயம் ஒன்றிரண்டு டிகிரி. 1989இல் அதே லைசோசைமில் மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளை (இரு சிஸ்டீன்களைக் கந்தகத்தால் இணைப்பவை) சேர்த்தபோது உருகு வெப்பநிலை, அதாவது பாதி மூலக்கூறுகள் அவிழும் சூடு, 23.4 டிகிரி உயர்ந்தது. கேட்பவருக்கு உடனே எல்லாப் புரதத்திலும் டைசல்ஃபைடு போடலாமே என்று தோன்றும். ஆனால் இரு சிஸ்டீன்களும் சரியான தொலைவிலும் கோணத்திலும் அமைய வேண்டும். இல்லாவிட்டால் பிணைப்பே புரதத்தை முறுக்கிக் கெடுத்துவிடும். ஈ. கோலையின் உட்பகுதியில் டைசல்ஃபைடு எளிதில் உருவாகாது, அதற்கென்று தனி வகைகள் வேண்டும். கொதிநிலையில் அந்தப் பிணைப்பே சிதையவும் செய்யும். கோழி முட்டை லைசோசைமை 100 டிகிரியில் வைத்து அது எப்படி அழிகிறது என்று 1985இல் கிளிபனோவ் குழு பார்த்தபோது கண்ட காரணங்களில், அஸ்பராஜின் சிதைவோடு டைசல்ஃபைடு உடைவும் ஒன்று.

இந்த வழியில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கதை 1998இல் வந்தது. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸிடம், தெர்மோலைசினின் உறவான ஒரு புரதச் சிதைப்பு நொதி இருக்கிறது. இந்த வகை நொதி முழுவதுமாக அவிழ்ந்து சாவதில்லை. சூட்டில் அதன் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதி முதலில் வாய்பிளக்கிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு மூலக்கூறு அந்த வாயில் கடித்து வெட்டிவிடுகிறது. தன் இனத்தாலேயே செரிக்கப்படுகிறது. இதைக் கண்டுகொண்ட ஆய்வாளர்கள் புரதம் முழுவதையும் பலப்படுத்த முயலவில்லை. வாய்பிளக்கும் பகுதியைச் சுற்றி மட்டும் எட்டு மாற்றங்கள் செய்தார்கள்: சில வெப்ப உறவினரைப் பார்த்து எடுத்தவை, சில தாங்களே சிந்தித்தவை. அவற்றில் ஒரு டைசல்ஃபைடும் புரோலின்களும் அடக்கம். கிடைத்த நொதிக்கு 100 டிகிரியில் அரை ஆயுள் 170 நிமிடங்கள், பழையதைப்போல 340 மடங்குக்கு மேல். 37 டிகிரியில் செயல்திறன் பழையபடியே இருந்தது. உறுதி கூடினால் குளிரில் வேகம் குறைந்தே தீரும் என்ற எண்ணத்தை இந்த முடிவு உடைத்தது. இயற்கையில் அவை இரண்டும் சேர்ந்து வருவதற்குக் காரணம், கொதிநீரில் வாழும் உயிருக்குக் குளிர் வேகத்தால் பயனில்லாததுதான். இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது என்பதற்கில்லை.

மாற்றவேண்டிய இடம் தெரிந்ததால்தான் எட்டே மாற்றங்கள் போதுமாயின. சாகும் விதம் தெரியாமல் வெளிப்பரப்பில் அங்கும் இங்கும் உப்புப் பாலங்களை அமைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அரை டிகிரி, ஒரு டிகிரிதான் மிஞ்சியது. உங்களிடம் நல்ல கட்டமைப்பும், முதலில் அவிழும் இடம் எது என்ற தடயமும் இருந்தால் இந்த வழியை எடுங்கள். தடயம் இல்லையென்றால் இதில் நேரத்தைக் கொட்டாதீர்கள்.

சலித்து எடுப்பது

கட்டமைப்பே தெரியாது, ஆனால் நூற்றுக்கணக்கான குழிகள் கொண்ட தட்டில் நொதியின் வேலையை நிறமாகவோ ஒளியாகவோ பார்க்கமுடியும் என்றால், ஃபிரான்சஸ் அர்னால்ட் வளர்த்தெடுத்த திசைவழிப் பரிணாமம் உங்களுக்கானது. 2018இல் அவருக்கு நோபல் பெற்றுத்தந்த முறை இது. மரபணுவைத் தாறுமாறாகப் பிழைபடச் செய்து, கிடைக்கும் மாற்றுருவங்களைச் சூட்டில் வைத்து, மிஞ்சியவற்றில் நன்றாக வேலை செய்பவற்றை எடுத்து மறுபடி தொடங்குவது. 1999இல் அவருடைய குழு, சப்டிலிசின் இ என்ற சாதாரண நொதியை இந்த முறையில் வெப்ப நொதியான தெர்மிட்டேஸுக்கு இணையாக்கியது. தெர்மிட்டேஸ் அதிலிருந்து 157 இடங்களில் வேறுபடுகிறது. அர்னால்ட் குழுவுக்குத் தேவைப்பட்டது எட்டு மாற்றங்கள். 65 டிகிரியில் அரை ஆயுள் 200 மடங்குக்கு மேல் கூடியது, எல்லாச் சூட்டிலும் வேகமும் கூடியது. அந்த 157இல் பெரும்பாலானவை வெப்பத்துக்காக வந்தவை அல்ல, காலம் போன போக்கில் சேர்ந்தவை என்று இதிலிருந்து தெரிகிறது. இரு உறவினர்களின் வரிசைகளை அடுத்தடுத்து வைத்து, வேறுபாடுகளை எண்ணி, அவற்றுக்கெல்லாம் வெப்பக் காரணம் கற்பிப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சலிப்பதற்கு வெப்ப பாக்டீரியாவையே வேலைக்கு வைத்தவர்களும் உண்டு. 1986இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கனாமைசின் என்ற மருந்தை முறியடிக்கும் நொதியின் மரபணுவை ஸ்டியரோதெர்மோஃபிலஸுக்குள் வைத்து, 63 டிகிரியில் மருந்தோடு வளர்த்தார்கள். நொதி சூட்டில் நின்றால்தான் பாக்டீரியா பிழைக்கும். பிழைத்தவற்றைத் திறந்து பார்த்தால் 80ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் டைரோசினாக மாறியிருந்தது. இன்னும் சூட்டைக் கூட்டியபோது 130ஆவது இடத்தில் இரண்டாவது மாற்றம் வந்தது. தட்டும் குழாயும் வைத்து மாதக்கணக்கில் செய்யவேண்டியதை உயிரின் பசியே செய்துகொடுத்தது. நொதியின் வேலையை ஓர் உயிரின் பிழைப்போடு கட்டமுடியுமானால் இதைவிட மலிவான வழி கிடையாது. துரதிர்ஷ்டமாக, தொழிலில் தேவைப்படும் நொதிகளில் அப்படிக் கட்டமுடிந்தவை குறைவு.

இந்த வழியில் ஓர் எச்சரிக்கை மட்டும். எதைச் சலிக்கிறீர்களோ அதுதான் கிடைக்கும். பத்து நிமிடம் சூடாக்கி, குளிரவைத்து, செயல்திறனைப் பார்த்தால், பத்து நிமிடம் தாங்கிக் குளிர்ந்தபின் எழுந்துகொள்ளும் நொதி கிடைக்கும். 70 டிகிரியிலேயே இரண்டு நாள் வேலை செய்யும் நொதி அதுவாக இருக்கவேண்டியதில்லை.

கணினியிடம் கேட்பது

நான்காவது வழி கடந்த பத்தாண்டில் மிக வேகமாக வளர்ந்தது. உறவினர் வரிசைகளில் எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் அடிக்கடி வருகிறது என்பதையும், அணுக்களின் ஆற்றல் கணக்கையும் சேர்த்து மாற்றங்களைத் தேர்வது ஒரு முறை. 2016இல் மனிதனின் அசிட்டைல்கோலினெஸ்டரேஸில் இப்படி 51 மாற்றங்களை ஒரே அடியாகச் செய்தார்கள். வெப்பத் தாங்கல் 20 டிகிரி உயர்ந்தது, ஈ. கோலையில் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 2,000 மடங்கு ஆனது. இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுதியான புரதம் சூட்டில் நிற்பதோடு, செல்லுக்குள் ஒழுங்காக மடிந்து நிறையவும் கிடைக்கிறது. மூதாதைப் புரதங்களை வரிசைகளிலிருந்து பின்னோக்கிக் கணித்துச் செய்வது இன்னொரு முறை. 2011இல் அப்படி உயிர்ப்பித்த பழைய தியோரெடாக்சின்கள் இன்றைய உறவினர்களைவிட 32 டிகிரி வரை அதிகம் தாங்கின. 2022க்குப் பிறகு ஆழ்கற்றல் முறைகள் ஒரு முதுகெலும்பு வடிவத்தை (பக்கக் கிளைகள் இல்லாத சங்கிலியின் மடிப்பை) கொடுத்தால் அதற்குப் பொருந்தும் வரிசையைச் சில நொடிகளில் எழுதித் தருகின்றன. சோதனைக்குழாயில் அவை பெரும்பாலும் நன்றாகவே மடிகின்றன.

நன்றாக மடிவது வேறு, வேலை செய்வது வேறு. உறுதியை மட்டும் நாடும் கணக்கு, வினை நடக்கும் இடமான செயல் மையத்தில் இருக்கும் அவசியமான அசௌகரியத்தையும் சரிசெய்துவிடும். செயல் மையத்தில் மின்சுமைகள் நெருக்கமாக, தனியாகப் பார்த்தால் நிலையற்ற விதத்தில் அமர்ந்திருக்கும். அந்த நெருக்கடிதான் வினையை நடத்துகிறது. ஆகவே செயல் மையத்தையும் அதைச் சுற்றியுள்ள அடுக்கையும் தொடக்கூடாது என்று கணினிக்குக் கட்டளை கொடுத்த பிறகே தொடங்குங்கள். பத்து இருபது வரிசைகளைச் செய்து பார்க்கும் வசதி உள்ளவருக்கு, சலிக்கும் வழி இல்லாதபோது, இது நல்ல தேர்வு.

ஒரே வேலை, நான்கு வழிகளும்

குடிநீர் பாட்டில் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் நொதிகளின் வரலாறு இந்த ஒப்பீட்டை ஒரே மேசையில் வைக்கிறது. 2016இல் ஜப்பானில் ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா கிடைத்தது. பெட்டையே உண்டு வாழ்வது, ஆனால் 30 டிகிரிக்காரன். அதன் நொதி 50 டிகிரியைக்கூடத் தாங்காது. பெட் சங்கிலிகள் இளகுவதோ 70 டிகிரியை ஒட்டித்தான். அதற்குக் கீழே நொதிக்குப் பற்றிக்கொள்ள இடம் கொடுக்காமல் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2012இல், இலைக் குப்பை உரத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவில் ஒரு கியூட்டினேஸ் கிடைத்திருந்தது. உரக் குவியலின் உள்ளே சூடு அதிகம் என்பது தெரிந்ததுதான். அந்த நொதி இயல்பாகவே சுமார் 85 டிகிரி வரை நின்றது. பெட்டைச் சிதைக்க உருவானது அல்ல, இலையின் மெழுகுத் தோலைச் சிதைக்க உருவானது.

எதிலிருந்து தொடங்குவது? செய்யும் வேலையில் சரியாக இருந்து சூட்டில் தோற்பதிலா, சூட்டில் சரியாக இருந்து வேலையில் மந்தமாக இருப்பதிலா? 2020இல் வெளிவந்த ஆய்வு இரண்டாவதைத் தேர்ந்தது. நான்கே மாற்றங்கள். ஒன்று செயல் மையத்தைப் பெட்டுக்கு ஏற்றபடி இழைத்தது, இன்னொன்று உறுதியைக் கூட்டியது. மற்ற இரண்டு சிஸ்டீன்கள்: இந்த நொதி கால்சியம் சேர்த்தால் இன்னும் உறுதியாகும், ஆனால் தொழில் தொட்டியில் கால்சியத்தைக் கொட்டுவது தொல்லை, ஆகவே கால்சியம் அமரும் இடத்தையே ஒரு டைசல்ஃபைடால் தைத்தார்கள். உருகு வெப்பநிலை 94 டிகிரி ஆயிற்று, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் பெட்டின் 90 விழுக்காடு சிதைந்தது. 2022இல் இன்னொரு குழு முதலாவதைத் தேர்ந்து, இயந்திரக் கற்றலின் துணையோடு சகாயென்சிஸின் நொதியை 50 டிகிரியில் நன்றாக வேலை செய்யும்படி ஆக்கியது. சூடாக்க வசதியில்லாத இடத்தில் அதற்கும் பயன் உண்டு. ஆனால் பிளாஸ்டிக் இளகும் சூட்டை அது எட்டவில்லை.

இதை வைத்துத்தான் என் முடிவைச் சொல்கிறேன். வேலை செய்யும் சூடு இயற்பியலால் விதிக்கப்பட்டதென்றால், அந்தச் சூட்டில் ஏற்கனவே நிற்கும் நொதியிலிருந்து தொடங்குங்கள், மந்தமாக இருந்தாலும் பரவாயில்லை. உறுதியான புரதம் செயல் மையத்தில் செய்யும் மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும், சேமிப்பில் வைத்திருக்கும் சில கிலோகலோரியை அதற்குச் செலவிடலாம். விளிம்பில் நிற்கும் புரதம் ஒரு மாற்றத்திலேயே விழுந்துவிடும். வெப்ப உறவினர் கிடைக்கவே இல்லையென்றால்தான் மற்ற மூன்றும்; அவற்றுள் சலிக்க முடிந்தால் சலிப்பது, முடியாவிட்டால் கணினி, இடம் தெரிந்தால் கையால் திருத்துவது.

எந்த வழியிலும் கால் வைக்கும் முன் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் நொதியை மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்று அப்படியே, இரண்டாவதில் கால்சியம், மூன்றாவதில் கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும் இடிடிஏ. 60 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, பிறகு செயல்திறனை அளந்து பாருங்கள். கால்சியக் குழாய் மட்டும் நின்றால், தைக்கவேண்டிய இடம் அந்த அயனி அமரும் குழிதான். குழாய் கலங்கி, படிவு உண்டாகி, குளிர்ந்தபின்னும் திரும்பவில்லை என்றால் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டு சாகின்றன, வெளிப்பரப்பைப் பாருங்கள். தெளிவாகவே இருந்து, குளிர்ந்ததும் முழுத்திறனும் திரும்பினால் அது வெறும் அவிழ்தல், உருகு வெப்பநிலையை உயர்த்தினால் தீர்ந்தது. தெளிவாக இருந்தும் திறன் மீளாவிட்டால் அந்தச் சாறை, புரதங்களை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்: முழுநீளப் பட்டை தேய்ந்து, கீழே புதிய பட்டைகள் தெரிந்தால், எங்கேயோ ஒரு வளையம் வெட்டுப்படுகிறது.